இறப்பாய்வும் இரகசியமும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை. பள்ளிக் கணக்குகளை எழுதிக்கொண்டிருந்தேன். பால்மரம் சீவி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். அவருடைய மகன் எங்கள் பள்ளியில் படித்தவன். பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குன்றியவன். தன் பெயரை எழுதக் கற்க அவனுக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. ஆயினும் பள்ளித் தோட்டத்துச் செடிகளுக்கு நீர் ஊற்ற அவன் ஒருநாளும் மறந்ததில்லை. இருபது வயதைக் கடந்த சில மாதங்களில் காய்ச்சல் என்று மருத்துவமனையில் சேர்த்தார்கள். நான்காம் நாள் உடல் வீட்டுக்கு வந்தது.

பெரியவர் கையிலிருந்த தாளை என்னிடம் நீட்டினார். நுரையீரல் அழற்சியால் இறந்தான் என்று அதில் ஒரே வரி இருந்தது. "சார், அவன் போனதப் பத்தி டாக்டருங்க ஒரு மீட்டிங் வச்சாங்களாம். அதுல என்ன பேசுனாங்கன்னு கேட்டேன். வெளிய சொல்லக்கூடாதாம். செத்தது என் பிள்ளைதானே, சார்?" என்றார்.

அக் கேள்விக்கு அன்று என்னால் மறுமொழி கூற இயலவில்லை. பின்னர் நூல்களைப் படித்தும் அறிந்தோரைக் கேட்டும் நான் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். இத்தகைய பிள்ளைகள் நம் ஒவ்வொரு தோட்டத்திலும் தாமானிலும் இருக்கிறார்கள். ஆதலால் இது ஒரு குடும்பத்தின் துயரோடு முடிந்துவிடும் செய்தியன்று.

இறப்பாய்வு என்பது யாது?

ஒருவர் இறந்தபின், அவ்விறப்பைத் தவிர்த்திருக்க முடியுமா, எந்த இடத்தில் என்ன தவறியது, இனி அது நேராதிருக்க என்ன செய்ய வேண்டும் என்று மருத்துவர்களும் பிறரும் கூடி ஆராய்வதே இறப்பாய்வு. இது நீதிமன்ற விசாரணையினின்றும் வேறுபட்டது. நீதிமன்றம் குற்றம் யாருடையது என்று கேட்கும். இறப்பாய்வோ, பாடம் என்ன என்று கேட்கும்.

வளர்ச்சிக் குறைபாடு உடையோரின் இறப்பை ஏன் தனியே ஆராய வேண்டும்? காரணங்கள் பல. டவுன் நோய்க்குறியுடன் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இருதயத்தில் குறை இருக்கிறது. மூளை வளர்ச்சிக் குறையுடைய பலருக்கு வலிப்பு நோய் உண்டு. விழுங்குவதில் இடர் உள்ளவர்களுக்கு உணவு மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரல் கெடுகிறது. இவற்றுக்கெல்லாம் மேலாக, வலி எங்கே என்று வாய்விட்டுச் சொல்ல அவர்களிற் பலரால் இயலாது. அவர்கள் வலியால் கத்தினால், 'இவன் எப்போதும் இப்படித்தான்' என்று பார்ப்பவர் எண்ணிவிடுகிறார். நோயின் அறிகுறி, குறைபாட்டின் நிழலில் மறைந்துபோகிறது.

இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியில் 2010 முதல் 2012 வரை இறந்த இத்தகையோர் 247 பேரின் வரலாற்றை ஆராய்ந்து, 2013இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பொதுமக்களைக் காட்டிலும் ஆண்கள் 13 ஆண்டுகளும், பெண்கள் 20 ஆண்டுகளும் முன்னதாகவே இறந்துவிடுகின்றனர் என்று அது கூறிற்று. நல்ல மருத்துவம் உரிய காலத்தில் கிடைத்திருந்தால் பிழைத்திருக்கக் கூடியவர்கள் அவர்களுள் பலர்.

நம் நாட்டிலேயே ஒரு பழைய சான்று

இறப்பை எண்ணி ஆராய்வதன் பயனை அறிய நாம் கடல் கடந்து போக வேண்டியதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் எண்ணற்ற உயிர்களைக் குடித்தது. கால் வீங்கும், நடை தளரும், முடிவில் இருதயம் நின்றுவிடும். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையிலும் நோயாளிகள் மடிந்துகொண்டிருந்தனர். வில்லியம் பிளெட்சர் என்னும் மருத்துவர் 1905ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கி ஓராண்டுக் காலம் அங்கே ஒரு சோதனை நடத்தினார். ஒரு சாராருக்குத் தீட்டிய சயாம் பச்சரிசியும், மற்றொரு சாராருக்கு இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசியும் கொடுக்கச் செய்தார். இடத்தின் கேடுதான் நோய்க்குக் காரணமோ என்று ஐயுற்று, நடுவில் இரு சாராரின் இருப்பிடங்களையும் மாற்றிப் பார்த்தார்.

பச்சரிசி உண்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். நம் மக்கள் உண்ணும் புழுங்கல் அரிசியை உண்ட 123 பேரில் ஒருவர்கூட அந்நோயால் சாகவில்லை. 1907இல் இம்முடிவு 'லான்செட்' என்னும் மருத்துவ ஏட்டில் வெளியாயிற்று. தவிட்டோடு போய்விடும் ஒரு சத்தின் குறைவே நோய்க்குக் காரணம் என்று உலகம் உணர்வதற்கு அது துணை நின்றது. அச் சத்தையே இன்று வைட்டமின் பி1 என்கிறோம்.

இந்நிகழ்ச்சியில் இரு பாடங்கள் உள்ளன. மாண்டவர் எண்ணிக்கையும் காரணமும் வெளியானதால் பல்லாயிரம் உயிர்கள் பிழைத்தன. அதற்காக எந்த நோயாளியின் பெயரையும் ஊரறியச் செய்ய வேண்டியிருக்கவில்லை. இது முதற்பாடம். அந்த 18 பேரின் பெற்றோரிடமோ உறவினரிடமோ சோதனை குறித்து ஒப்புதல் கேட்பது அக்கால வழக்கமன்று. மனநோயாளிக்கு உறவே இல்லை என்பதுபோல் உலகம் நடந்துகொண்டது. இது இரண்டாவது பாடம். 1911இல் நம் ஈப்போவுக்கு அருகே தஞ்சோங் ரம்புத்தானில் பெரிய மனநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அவ்வூர்ப் பெயரையே வசைச்சொல்லாக வழங்கும் பழக்கம் நம்மிடையே இன்றும் இருக்கிறது. மனநோய் வேறு, வளர்ச்சிக் குறைபாடு வேறு. ஆனால் இரண்டையும் ஒன்றாகக் கருதி, இரண்டையும் மறைவில் தள்ளும் மனப்பான்மை ஒன்றே.

இரகசியம் ஏன்?

இனி, மருத்துவர்களின் கூட்டத்தை ஏன் மூடிய அறையில் நடத்துகிறார்கள் என்று காண்போம். இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு மகப்பேற்று இறப்பாய்வு. பிள்ளைப் பேற்றில் தாய்மார் இறப்பதை ஆராய இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1952ஆம் ஆண்டு முதல் ஓர் இரகசிய ஆய்வு முறையை ஏற்படுத்தினார்கள். மலேசியா அம்முறையை 1991இல் மேற்கொண்டது. மருத்துவமனையிலும் மாவட்டத்திலும் தொடங்கி, மாநிலம், தேசியம் என்று படிப்படியாக ஆய்வுக் குழுக்கள் அமைந்தன. பெயர் கூறுதல் இல்லை, பழி சுமத்துதல் இல்லை என்பதே அதன் அடிப்படை. ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புக்கு 1991இல் ஏறத்தாழ 44ஆக இருந்த தாய் இறப்பு, 2010க்குப் பின்வந்த ஆண்டுகளில் இருபதுகளுக்குக் குறைந்தது. மருத்துவச்சிகளின் பயிற்சி, சாலை வசதி, இரத்த வங்கி எனப் பல காரணங்கள் இதற்கு உண்டு. தவறு நேர்ந்த இடத்தை அஞ்சாமல் ஒப்புக்கொள்ள ஓர் இடம் இருந்தது என்பதும் அவற்றுள் ஒன்று.

ஆசிரியர்களுக்கு இது எளிதில் விளங்கும். பயிற்சிக் கல்லூரியில் நாங்கள் மாதிரிப் பாடம் நடத்தியபின், விரிவுரையாளர் எங்களை ஓர் அறையில் அமரச் செய்து, "எங்கே தவறினாய்? நீயே சொல்" என்பார். அங்கே சொல்வது மதிப்பெண்ணைக் குறைக்காது என்று எங்களுக்குத் தெரியும். ஆதலால் உண்மையைச் சொன்னோம். "பின் வரிசைப் பிள்ளை ஒன்றை நான் பார்க்கவே இல்லை" என்று ஒருவர் ஒப்புக்கொண்டால், மற்ற இருபது பேரும் அன்றிலிருந்து பின் வரிசையைப் பார்ப்போம். அதே பேச்சு மறுநாள் பெற்றோர் காதுக்குப் போகும் என்றிருந்தால், அவர் வாயைத் திறந்திருக்கவே மாட்டார். நள்ளிரவில் களைத்துப்போய் ஓர் அறிகுறியைக் கவனியாது விட்ட தாதியும் அப்படித்தான். தண்டனை நிச்சயம் என்றால் மௌனமும் நிச்சயம். மௌனம் அடுத்த நோயாளியைக் கொல்லும்.

இரகசியத்துக்கு இன்னொரு நியாயமும் உண்டு. நோயாளியின் உடல் மறைவுகளைக் காக்க வேண்டிய கடமை, அவர் இறந்தபின்னும் மருத்துவரை விட்டு நீங்குவதில்லை. உயிரோடிருந்தபோது தன் பொருட்டுப் பேச இயலாதவரின் மானத்தை, மாண்டபின் சந்தையில் வைப்பது முறையாகாது.

இரகசியத்தின் மறுபக்கம்

ஆயின் அதே பயிற்சிக் கல்லூரியில், மாணவன் எழுதிய தேர்வுத் தாளையும் அவன் பெற்ற மதிப்பெண்ணையும் பெற்றோருக்குக் காட்டாதே என்று எவரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. ஆசிரியரின் மனந்திறந்த பேச்சு மூடிய அறைக்குரியது. பிள்ளையின் ஏடு பெற்றோருக்குரியது. இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பூட்டிவிடும்போதுதான் இரகசியம் கேடாகிறது.

இங்கிலாந்தில் கானர் ஸ்பாரோஹாக் என்றோர் இளைஞர் இருந்தார். வயது 18. மதி இறுக்கமும் வலிப்பு நோயும் உடையவர். 2013ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள், ஆக்ஸ்போர்டு நகரின் ஸ்லேட் ஹவுஸ் என்னும் மருத்துவ இல்லத்தில் குளியல் தொட்டியில் மூழ்கி இறந்தார். வலிப்பு உடையவரைத் தனியே குளிக்க விட்டிருந்தனர். முதலில் அதை இயற்கை மரணம் என்று கொண்டார்கள். அவருடைய தாயார் விடவில்லை. 2015 அக்டோபரில் நடந்த மரண விசாரணையில், கவனக்குறைவும் இறப்புக்குக் காரணமாயிற்று என்று நடுவர்கள் கூறினர். அவ்வில்லத்தை நடத்திய சதர்ன் ஹெல்த் என்னும் அமைப்பில், 2011 ஏப்ரல் முதல் 2015 மார்ச் வரை நிகழ்ந்த இறப்புகளைத் தனி நிறுவனம் ஒன்று ஆராய்ந்தது. அறிவு வளர்ச்சிக் குறையுடையோரின் இறப்புகளில் நூற்றுக்கு ஒன்று என்னும் அளவுக்கே விசாரணை நடந்திருந்தது என்பது அப்போது வெளியாயிற்று. 2018இல், கானரையும் சேர்த்து இருவரின் இறப்பின் பொருட்டு அவ்வமைப்புக்கு மொத்தம் 20 இலட்சம் பவுன் அபராதம் விதிக்கப்பட்டது. கதவு திறந்ததால் வெளிப்பட்ட உண்மை இது. மூடியே இருந்திருந்தால் 'இயற்கை மரணம்' என்னும் சொல்லே ஏட்டில் நின்றிருக்கும்.

தமிழ்நாட்டில் ஏர்வாடியை யார் மறக்க முடியும்? 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் அங்கே ஒரு தனியார் மனநோய்க் காப்பகம் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் தப்பி ஓட வழியின்றி 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து அவ்வழக்கைக் கையில் எடுத்தது. நாடு முழுவதும் இத்தகைய காப்பகங்களைப் பற்றிய கேள்வி எழுந்தது. ஆனால் ஒன்றைச் சிந்தித்துப் பாருங்கள். ஒரே நாளில் 28 பேர் மாண்டால் அது செய்தி. அதே 28 பேர் இருபது ஆண்டுகளில் ஒருவர் பின் ஒருவராக, விழுங்க முடியாமலும் வலிப்பு வந்தும் மாண்டால் அது வெறும் பதிவேடு. அப்பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பதற்காகவே இறப்பாய்வு வேண்டும்.

எதை மூடுவது, எதைத் திறப்பது?

கானரின் இறப்புக்குப் பின், 2015இல், இங்கிலாந்தில் அறிவு வளர்ச்சிக் குறையுடையோரின் இறப்பை ஆராயத் தேசிய அளவில் ஒரு திட்டம் தொடங்கியது. உரிய குழுவின் அனுமதியோடு, உறவினர் ஒப்புதலை எதிர்பாராமலே மருத்துவ ஏடுகளைப் பார்க்க அதற்கு வழி செய்தார்கள். அதே வேளையில் குடும்பத்தாரையும் பேச அழைத்தார்கள். ஆண்டுதோறும் பெயரில்லாத அறிக்கை வெளியாகிறது. மதி இறுக்கம் உடையோரையும் 2022 முதல் அதில் சேர்த்துக்கொண்டனர். தமிழ்நாடு உள்ளிட்ட இந்திய மாநிலங்களில், தாய் இறப்பை மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் ஆராயும்போது, இறந்தவரின் உறவினரை அழைத்து நடந்ததைக் கூறச் செய்யும் முறையை 2010ஆம் ஆண்டு நெறிமுறைகள் வகுத்தன. எனவே, குடும்பத்தாரை உள்ளே விட்டால் ஆய்வு கெட்டுவிடும் என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை.

இவற்றிலிருந்து நான் கொண்ட முடிவு இது. இறப்பாய்வில் நால்வகைச் செய்திகள் உள்ளன. முதலாவது, நடந்தவை: எந்த நாழிகையில் என்ன மருந்து கொடுத்தார்கள், யார் வந்து பார்த்தார்கள், எப்போது மூச்சுத் திணறியது என்பன. இவை குடும்பத்துக்கு உரியவை. இரண்டாவது, குழுவினரின் மனந்திறந்த பேச்சு. அது மூடிய அறையிலேயே இருக்கட்டும். மூன்றாவது, பாடம். அது பெயரில்லாமல் நாடறிய வெளிவர வேண்டும். நான்காவது, குற்றம். அடித்ததும், பட்டினி போட்டதும், ஏட்டைத் திருத்தியதும் பாடங்கள் அல்ல. அவற்றுக்கு இரகசியத்தின் நிழல் கிடைக்கலாகாது. அவை போலீசுக்குப் போக வேண்டும்.

மூன்றாவதில் ஒரு நுட்பம் உண்டு. பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். 'சிம்பாங் பூலாய் வட்டாரத்தில் டவுன் நோய்க்குறியுடைய இருபது வயது இளைஞர்' என்று எழுதினால், குன்றின் அடிவாரத்துக் காப்பிக் கடையில் இருப்பவர் அனைவருக்கும் ஆள் தெரிந்துவிடும். ஆகவே பல மாநிலங்களின், பல ஆண்டுகளின் இறப்புகளை ஒன்றாகத் திரட்டியே வெளியிட வேண்டும். 2010இல் மலேசியா ஏற்று உறுதி செய்த ஐக்கிய நாடுகளின் உடற்பேறு குறைந்தோர் உரிமை ஒப்பந்தம், 31ஆம் விதியில் இவ்விரு கடமைகளையும் சேர்த்தே கூறுகிறது: புள்ளிவிவரம் திரட்டவும் வேண்டும்; தனியொருவரின் மறைவைக் காக்கவும் வேண்டும்.

நம் சட்டம் கூறுவது

நம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 334ஆம் பிரிவின்படி, போலீஸ் காவலிலோ, மனநோய் மருத்துவமனையிலோ, சிறையிலோ ஒருவர் இறந்தால் உடனே மாஜிஸ்திரேட்டுக்கு அறிவிக்க வேண்டும். காவலில் இறந்தால் விசாரணை கட்டாயம். மற்ற இரண்டிலும், தேவை என்று மாஜிஸ்திரேட் கருதினால் நடத்தலாம். பொது மருத்துவமனையின் சாதாரண வார்டும், 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவான பராமரிப்பு இல்லமும் அப்பிரிவின் சொற்களில் இல்லை. வளர்ச்சிக் குறைபாடு உடையோர் பெரும்பாலும் இறப்பது இவ்விடங்களிலும் வீட்டிலுமே. திடீர் மரணமோ ஐயத்துக்குரிய மரணமோ ஆனால் போலீஸ் விசாரிக்கச் சட்டத்தில் இடமுண்டு. மரண விசாரணைக்கு ஆணையிட அரசு வழக்குரைஞருக்கு 339ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. 2014 முதல் மரண விசாரணை நீதிமன்றங்களும் இயங்குகின்றன. ஆனால் 'நோயால் இறந்தான்' என்று தாளில் வந்துவிட்டால், ஐயம் எங்கிருந்து எழும்?

மறைப்பதில் நமக்கும் பங்குண்டு. ஊர் சிரிக்கும், தங்கையின் கல்யாணம் தடைப்படும் என்று பிள்ளையை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கும் குடும்பங்களை அறிவேன். அவர்கள் ஓ.கே.யு. அட்டைக்குப் பதிவதில்லை. வாழ்ந்தபோது எந்தக் கணக்கிலும் வராத பிள்ளை, இறந்தபோது எந்த ஆய்விலும் வர முடியாது.

பெரியவருக்குக் கிடைத்த விடை

அந்தப் பெரியவருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். நெருங்கிய உறவினர் கட்டணம் செலுத்தி மருத்துவ அறிக்கை கேட்கலாம் என்பதை நானும் அப்போதுதான் அறிந்தேன். சில வாரங்களில் இரண்டு பக்கத்தில் அறிக்கை வந்தது. உணவு மூச்சுக்குழலில் இறங்கியதால் நுரையீரல் கெட்டது என்று அதில் கண்டிருந்தது. முதல் மூன்று நாளும் மற்ற நோயாளிகளைப் போலவே அவனுக்குச் சோறு கொடுத்திருந்தார்கள்.

அதைப் படித்ததும் என் கை நடுங்கியது. உண்ணும்போதெல்லாம் அவனுக்குப் புரையேறும். அவன் தாய்க்கு அது தெரியும். கஞ்சியாகக் கரைத்துத்தான் கொடுப்பார். பள்ளிச் சிற்றுண்டி நேரத்தில் எனக்கும் அது தெரியும்; முதுகைத் தட்டிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஆறு ஆண்டுகளில் ஒருநாளும் அதை அவனுடைய பதிவேட்டில் எழுதவில்லை. மருத்துவமனையில் எவரும் தாயைக் கேட்கவில்லை. அவன் இறந்தபின் கூடிய கூட்டமும் கேட்கவில்லை. தெரிந்தவர் அனைவரும் அறைக்கு வெளியே இருந்தோம். உள்ளே இருந்தவர்களுக்கு அது தெரியாது. குடும்பத்தாரை விலக்கிய இரகசியத்தால் ஆய்வே குருடாயிற்று என்பதை அன்று உணர்ந்தேன்.

ஆதலின் பெற்றோருக்கு நான் கூறுவது சில. பிள்ளைக்கு ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வையுங்கள். எப்படி உண்பான், வலி வந்தால் எப்படிக் காட்டுவான், என்ன மருந்து ஒவ்வாது, எப்போது வலிப்பு வந்தது என்பவற்றை எழுதி, மருத்துவமனைக்குப் போகும்போது தாதியின் கையில் கொடுங்கள். துயரம் நேர்ந்துவிட்டால், மருத்துவ அறிக்கை கேளுங்கள். ஐயம் இருந்தால் அடக்கம் செய்யுமுன் போலீசில் புகார் செய்து, பிரேதப் பரிசோதனை கோருங்கள். எரித்தபின் எழும் ஐயத்துக்குச் சான்று கிடைப்பது அரிது. சக ஆசிரியர்களே, நாம் கண்டதைப் பதிவேட்டில் எழுதுவோம்.

அரசினரையும் ஒன்று வேண்டுகிறேன். தாய்மாரின் இறப்பை ஆராய 1991இல் கண்ட வழியை இப்பிள்ளைகளுக்கும் திறந்துவிடுங்கள். கூட்டத்தின் கதவு மூடியிருக்கட்டும்; ஆனால் அக்கூட்டம் தொடங்குமுன் தாயை அழைத்து அவர் சொல்வதைக் கேட்கட்டும்; முடிந்தபின், நடந்தது இன்னது என்று தந்தையிடம் சொல்லட்டும்.

பெரியவர் அவ்வறிக்கையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இப்பவாவது தெரிஞ்சுச்சே, சார்" என்றார். அவர் யாரையும் பழிக்கவில்லை, என்னையும் பழிக்கவில்லை. மறுநாள் காலையில் பள்ளிக்குச் சென்றதும், சிற்றுண்டி வேளையில் புரையேறும் பிள்ளைகள் யார் யார் என்று வகுப்பு வகுப்பாகக் கேட்டு எழுதத் தொடங்கினேன்.